சத்தத்தைக் குறைத்த வீடு

உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டாம், காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாலே போதும் என்று என் கல்யாணத்தின்போது யாரோ சொன்னார்கள். கேலி என்று நினைத்தேன். வந்து குடியேறிய பிறகுதான் அது விலாசம் என்று புரிந்தது. மாமனாருக்கு மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். வாடகைக்குப் போய்வந்த பெட்டிகளை வாசலில் அடுக்கி ஒவ்வொன்றாகப் பாடவிட்டுச் சோதிப்பார்கள். மாமனாருக்கு மைக்கே தேவையில்லை. அவர் வீட்டுக்குள் தண்ணீர் கேட்டால் தெருமுனையில் இருக்கும் டீக்கடைக்காரர் சொம்பை எடுப்பார். அவருடைய மகன், என் கணவர் பாலமுருகன், அப்பாவில் பாதி சத்தம். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த வீட்டில் நாத்தனார், அவளுக்கு அப்பாவின் தொண்டை முழுசாக வாய்த்திருந்தது.

அப்படிப்பட்ட வீடு இரண்டு வருடத்துக்கும் மேல் ரகசியக் குரலில் பேசியது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். என்னோடு படித்த தோழி ஒருத்தி இப்போது குறைமாதக் குழந்தையோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். எப்படி இருந்தது, மறைக்காமல் சொல் என்று போனில் கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது?

ஏழாம் மாதம் எனக்கு வளைகாப்பு. சொந்த வீட்டு விசேஷம் என்பதால் மாமனார் இருக்கிற குழாயையெல்லாம் கட்டிவிட்டார். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் ஏறியது. அந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும், பிள்ளை பிறக்கிற வரைக்கும் கழற்றக் கூடாது என்பார்கள். மறுநாள் அம்மா வீட்டுக்கு, அரும்பாவூருக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு வாரம் ஆகியிருக்காது. கொல்லையிலிருந்து வந்த சின்ன வெங்காயத்தை அம்மா ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வம்பு பேசிக்கொண்டிருந்தேன். எழுந்தேன், பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸில் பெரம்பலூர் போகும் வழியெல்லாம் குலுக்கலுக்குக் குலுக்கல் வளையல் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. எனக்கு அதைக் கேட்கவே பயமாக இருந்தது.

டாக்டரம்மா என்னிடம் நேராகப் பேசினார். குழந்தையின் நுரையீரல் இன்னும் பழுக்கவில்லை, அதற்கு ஊசி போடுகிறோம், ஒரு நாளாவது தள்ளிப்போனால் நல்லது என்றார். ஒரு நாள் தள்ளிப்போனது. பிறகு முகிலன் பிறந்தான். அழுகை பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரே ஒரு தடவை கேட்டது. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் மேலே. குழந்தைகள் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த மாமனார், "நம்ம குழாயில மாட்டுற யூனிட்டே இதவிடக் கனமா இருக்குமேம்மா" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் குரல் அவ்வளவு இறங்கி அன்றைக்குத்தான் கேட்டேன்.

குழந்தைகள் இருந்த அறைக்குள் நுழைய முதல் நிபந்தனை, கையில் எதுவும் இருக்கக் கூடாது. வளையல், மோதிரம், கயிறு எல்லாம் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கிருமி போகக் கூடாது என்பதற்காக. அம்மா ஒவ்வொரு வளையலாகக் கழற்றித் துண்டில் முடிந்துகொண்டாள். இரண்டு மாதம் கேட்க வேண்டிய சத்தம் அவனுக்கு ஒரு வாரத்திலேயே நின்றுபோயிற்று என்று அழுதேன். அங்கிருந்த வயதான சிஸ்டர் என்னை அதட்டினார். "வயித்துக்குள்ள எல்லாம் தலகாணிய வச்சு அமுக்குனாப்புலதான் கேட்டுருக்கும். இப்பதான் எல்லாமே நேரா வந்து அடிக்குது. இந்தக் கண்ணாடிப் பொட்டி மூடியத் தட்டாதீங்க, சத்தமாப் பேசாதீங்க, வெளிச்சம் வுடாதீங்க. அவனுக்கு நீங்க இப்ப செய்யக்கூடியது அதான்."

உள்ளே நான் பார்த்ததைச் சொல்கிறேன். தோல் அவ்வளவு மெல்லிசு, ரத்தம் ஓடுவது தெரிந்தது. மூக்கில் காற்றை லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்கும் குழாய். நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது. வாய் வழியாக வயிற்றுக்கு இன்னொரு குழாய், அதில் சொட்டுச் சொட்டாக என் பால். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய அவனுக்கு இன்னும் தெரியாது. சில நேரம் மூச்சு விடவே மறந்துவிடுவான். மெஷின் கத்தும். சிஸ்டர் நிதானமாக வந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவார். ஞாபகம் வந்துவிட்டதுபோல நெஞ்சு மறுபடி ஏறி இறங்கும். முதல் தடவை, போய்விட்டானா என்று சிஸ்டரிடம் கேட்டேன். மூளையில் மூச்சைக் கவனிக்கிற இடம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் சிஸ்டர். அவருக்கு அவ்வளவுதான்.

பயம்தான் முழு நேரமும். ஆனால் பயத்தின் நடுவே என்னை வாயைப் பிளக்கவைத்த விஷயம் ஒன்று நடந்தது. உச்சிக்குழி வழியாகத் தலைக்குள் ஸ்கேன் பார்த்தார்கள். இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைகளுக்கு மூளைக்குள் ரத்தம் கசியலாம், அதைத் தேடுவதற்காக. கசிவு இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். மூளை என்றால் படத்தில் பார்ப்பதுபோல மடிப்பு மடிப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவனுக்கு மழித்தமாதிரி வழவழப்பாக இருந்தது. மடிப்பெல்லாம் கடைசி மாதங்களில்தான் விழும், சாதாரணமாக அது வயிற்றுக்குள் இருட்டில் நடந்துவிடும், யாரும் பார்ப்பதில்லை என்றார். சில வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது வரிகள் விழுந்திருந்தன. வெங்காயம் ஊன்ற வரி வரியாகப் பார் பிடித்த எங்கள் அரும்பாவூர்க் கொல்லை மாதிரி. என் மகனின் மூளையை யாரோ என் கண்ணெதிரே உழுதுகொண்டிருந்தார்கள். சாமி கும்பிடுகிறவள்தான் நான், ஆனால் அன்றைக்கு அந்தத் திரைக்கு முன்னால் கும்பிட்டதுபோல எங்கேயும் கும்பிட்டதில்லை.

அவன் கொஞ்சம் தேறியதும் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து வைக்கச் சொன்னார்கள். சட்டையில்லாத குழந்தையை நம் வெறும் நெஞ்சில் கிடத்தித் துணியால் கட்டிக்கொள்வது. சூடும் கிடைக்கும், மூச்சும் சீராகும், மூளை வளர்ச்சிக்கும் நல்லது என்றார்கள். எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் என் கணவர் கட்டிக்கொண்டார். ஆம்ப்ளிஃபயர் வைத்து ஊரையே எழுப்புகிற மனுஷன், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டார். திருவிழாக் காலம், வந்த ஆர்டரையெல்லாம் மாமனார் மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் மருந்துக்குச் செலவில்லை, சாப்பாடும் பஸ்ஸும்தான். அம்மா அரும்பாவூரிலிருந்து பூண்டுக் குழம்பை எடுத்துக்கொண்டு தினம் பஸ் ஏறினாள். பால் ஊறியது. குழாயிலிருந்து பாலாடைச் சங்குக்கு, சங்கிலிருந்து மார்புக்கு என்று அவன் வந்துசேர்ந்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா நிறையச் சொன்னார். கண் பரிசோதனை, காது பரிசோதனை, எடை. வயதைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாதீர்கள், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடுங்கள் என்றார். அப்படிப் பார்த்தால் எங்கள் மகனுக்கு இன்னும் வயதே ஆரம்பிக்கவில்லை. கடைசியாக, கூட்டமும் சத்தமும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், நீங்கள் மெதுவாகப் பேசிக்கொண்டே இருங்கள் என்றார். மாமனார் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அதில் 'மெதுவாக' என்ற சொல் அவருக்குள் இறங்கிவிட்டது. 'கொஞ்ச நாள்' இறங்கவில்லை. எங்கள் யாருக்குமே இறங்கவில்லை.

வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பெட்டிகளும் குழாய்களும் ஊருக்கு வெளியே ஒரு முந்திரித் தோப்புக் கொட்டகைக்குப் போயின. கதவுக் கீல்களில் எண்ணெய் ஏறியது. காலிங் பெல் கழன்றது. குக்கர் அடுப்பில் ஏறினால் விசில் வரும் நேரம் பார்த்து நாத்தனார் அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். அவள் கொலுசு பெட்டிக்குள் போனது. காய்கறி வண்டிக்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் ஸ்பீக்கரை அணைப்பார். யார் வந்தாலும் மாமனார் வாசலிலேயே மறித்து, உதட்டில் விரல் வைத்து, காற்றாகச் சொல்வார்: "பாப்பா தூங்குது." கடன் கேட்டு வந்தவனிடமும் அதுதான், ஓட்டுக் கேட்டு வந்தவனிடமும் அதுதான். எல்லோரும் குதிகாலைத் தூக்கி நடந்தோம். வளையல் இல்லாத கையோடு நானும்.

முகிலன் வளர்ந்தான். உட்கார்ந்தான், நின்றான், எல்லாம் அந்தத் திருத்திய கணக்குப்படி ஏறக்குறைய நேரத்துக்கே. கூடத்தில் சேலையால் கட்டிய தூளி போதாமல் என்னோடு பாயில் படுக்க ஆரம்பித்தான். தூளியை அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை. துவைத்த துணியையெல்லாம் அதில் போட்டுவைத்தேன். வீட்டில் குரல் மட்டும் திரும்பி வரவில்லை. பழகிவிட்டது. பழக்கம் என்றால் அப்படி ஒரு பழக்கம், என் கணவரோடு சண்டை போடுவதைக்கூட நான் ரகசியமாகவே போட்டேன். திட்டுகிற சுகமே போய்விட்டது.

அங்கன்வாடியில் சேர்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பையன் பேசவே மாட்டேங்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, நுனிக்காலில் நடக்கிறான், மற்றப் பிள்ளைகள் கத்தினால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒண்டுகிறான் என்றார் டீச்சர். நானும் சிலதைப் பார்த்திருந்தேன், வாய் திறந்து சொல்லவில்லை. வீட்டில் தண்ணி, வேணா, லாரி என்று நாலைந்து வார்த்தைகளை உதட்டோடு உதட்டாகச் சொல்வான், சேர்த்துப் பேச மாட்டான். எதையும் விரல் நீட்டிக் காட்ட மாட்டான். ஒரு நாளில் எத்தனையோ தடவை தூளியிடம் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவான். விளையாட்டின் நடுவே எழுந்து போவான், பார்ப்பான், வருவான். ஏன் என்று தெரியாது. இவனுக்கு நாம் சொல்வது புரிகிறதா, உள்ளே ஏதாவது போய்ச் சேர்கிறதா? அந்தத் திரையில் விழுந்த வரிகள் நின்றுபோய்விட்டனவோ? என்னைத் தின்றது அந்த ஒரு கேள்விதான்.

அரியலூரில் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற பிரிவுக்கு நானும் கணவரும் மாமனாரும் அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். சிமெண்ட் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு பஸ் ஊர்ந்தது, முகிலன் காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் புதைந்திருந்தான். காத்திருக்கிற இடத்தில் ஏழெட்டு அம்மாக்கள். ஒருத்தியின் குழந்தையை இன்னொருத்தி ஓரக்கண்ணால் பார்ப்பதும், பார்த்ததைக் கண்டுகொண்டு சிரிப்பதுமாக இருந்தோம். காதைச் சோதித்தார்கள். தூங்கவைத்து, தலையில் சின்னச் சின்ன வயர்களை ஒட்டி, காதுக்குள் டிக்டிக்கென்று சத்தம் விட்டு மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. போய்ச் சேர்ந்தது. காது நன்றாக இருக்கிறது என்றதும் என் பயம் இரட்டிப்பாயிற்று. கேட்கிறது, ஆனாலும் திரும்பவில்லை என்றால்?

அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். சீக்கிரம் பிறந்த குழந்தைகளில் பலர் மற்றவர்களோடு சேர்ந்துவிடுவார்கள். சிலருக்குப் பேச்சு தாமதிக்கும். சிலர் ஒரு இடத்தில் உட்கார மாட்டார்கள், கவனம் நிற்காது, சின்னச் சத்தத்துக்கும் மிரளுவார்கள். சிலருக்குப் பள்ளிக்கூடம் போன பிறகு கணக்கிலோ படிப்பிலோ தெரியவரும். யார் எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வயதில் மூளை வளைந்துகொடுக்கும், பேச்சும் விளையாட்டும் கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொள்ளும் என்றார். எல்லாவற்றுக்கும் நான் மெல்லத் தலையாட்டினேன்.

பிறகு பேச்சுப் பயிற்சி தருகிற பெண் எங்களைப் பாயில் உட்காரவைத்து, பொம்மைகளைக் கொட்டி, நீங்கள் வீட்டில் விளையாடுவதுபோல விளையாடுங்கள் என்றாள். சின்னப் பெண். நாங்கள் மூவரும் முகிலனோடு விளையாடினோம். கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "ஏங்க, நீங்க மூணு பேரும் ஏன் ரகசியம் பேசிக்கிறீங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமனார் முன்னால் குனிந்து, வாயைக் கையால் மறைத்து, "புள்ளைக்குச் சத்தம் ஆவாதுங்க" என்றார், காற்றாக. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். எவ்வளவு நாளாக என்றாள். சொன்னோம். குக்கர் கதையையும் சொன்னோம். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. எல்லாம் இதனால்தான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், வலது கணுக்கால் தசைநார் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, அதற்குப் பயிற்சி வேண்டும், கவனத்தையும் பார்க்க வேண்டும் என்றாள். ஆனால் குழந்தை குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுத்தான் பேச்சைப் பிடிக்கும். இவன் காதில் விழுந்ததெல்லாம் காற்று. வெளியே போனால் ஊரே சத்தமாக இருக்கிறது, அதை எப்படி வகைப்படுத்துவது என்று இவனுக்குத் தெரியவில்லை. இன்றிலிருந்து சாதாரணமாகப் பேசுங்கள். செய்கிற வேலையையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். கத்த வேண்டாம் என்று மாமனாரைப் பார்த்துத் தனியாகச் சொன்னாள்.

இப்போது முகிலனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஒரு வேலையில் நிலைத்து உட்காருவதற்குள் நாலு தடவை எழுந்து ஓடுகிறான். பட்டாசு என்றால் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான். காலுக்குப் பயிற்சி நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்ன ஆகும் என்று தெரியாது. தோழிக்கு நான் சொல்லக்கூடியது, தெரியாமல் இருப்பதோடு வாழப் பழகிக்கொள்ளலாம் என்பதுதான். அதற்கு எனக்குக் கைகொடுத்தது அரியலூரிலிருந்து திரும்பிய அந்தச் சாயங்காலம்.

வீட்டுக்கு வந்ததும் யார் முதலில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. புதுப்பெண் மாதிரி மூன்று பேரும் கூச்சப்பட்டோம். நான் அடுப்பைப் பற்றவைத்து, "அம்மா சோறு வைக்கப்போறேன்" என்றேன், எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. என் கணவர் இருமிப் பார்த்தார். கடைசியில் மாமனார் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, மைக் டெஸ்ட் செய்கிறவர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில் பாதியை எடுத்துக் கூப்பிட்டார். "முகிலா, இங்க வாடா தங்கம்."

சுவரில் மோதித் திரும்பியது. அடுத்த வீட்டிலிருந்து நாத்தனார் ஓடிவந்து வாசலில் நின்றாள். முகிலன் தூளிக்குப் பக்கத்தில் இருந்தான். மிரண்டு அழப்போகிறான் என்று நான் கையை நீட்டினேன். அழவில்லை. திரும்பினான். தூளிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு நுனிக்காலில் நடந்து வந்து, மாமனாரின் மடியில் ஏறி, இரண்டு உள்ளங்கையாலும் அவர் வாயைப் பொத்தினான்.

"தாத்தா, சத்தம் போடாத. பாப்பா தூங்குது."

சொல்லிவிட்டு ஒரு கையை எடுத்து, விரலை நீட்டி, தூளியைக் காட்டினான்.

 அவன் வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. விரல் நீட்டியதும் முதல் தடவை. எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் அவன் கேட்ட ஒரே சட்டம் அது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் ஒரு பாப்பாவுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பாப்பா தான்தான் என்று அவனிடம் யாரும் சொல்லவே இல்லை. அவனுக்கு முகிலன் என்றுதான் பெயர். துணி நிரம்பிப் புடைத்திருக்கும் தூளிக்குள் ஒரு பாப்பா தூங்குகிறது என்று தானே முடிவு செய்திருக்கிறான். அது எழுந்துவிடக் கூடாதே என்று நுனிக்காலில் நடந்திருக்கிறான். விளையாட்டை விட்டுவிட்டுப் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறான். எங்களோடு சேர்ந்து அவனும் இத்தனை நாளாக அதைக் காவல் காத்திருக்கிறான். உள்ளே ஏதாவது போய்ச் சேர்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேனே!

மாமனாரின் கண்ணீர் அவன் விரல்களுக்கு மேலே வழிந்தது. அந்தக் கைகளை விலக்க அவருக்கு மனசில்லை, பொத்திய வாயோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான்தான் போய் மகனைத் தூக்கினேன். தூளிக்குக் கொண்டுபோய், துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டேன். அவன் குனிந்து பார்த்தான். வெறும் சேலை ஆடியது. என் முகத்தைப் பார்த்து, "பாப்பா எங்க?" என்றான், காற்றாக.

"நீதாண்டா அந்தப் பாப்பா" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "நீ எப்பவோ முழிச்சிக்கிட்ட."